பழைய கொரோலாவுக்குள் மழைத்தண்ணீர்: எங்கே தேடுவது, எப்படி நிறுத்துவது?

கொரோலா82, திருநெல்வேலி, யாழ்ப்பாணம்:

வணக்கம். வீட்டில் 1982ஆம் ஆண்டுக் கொரோலா ஒன்று நிற்கிறது, கே.ஈ.70 மொடல். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து இடப்பக்க முன் சீற்றில் கால் வைக்கும் இடம் ஊறிப்போய்க் கிடக்கிறது. கார்பெட்டைக் கையால் அமத்தினால் தண்ணீர் மேலே வருகிறது. மழை விட்டு நல்ல வெயில் எறித்த பிறகும் அந்த ஈரம் போகவில்லை. விடியப் பார்த்தால் கண்ணாடி எல்லாம் உள்பக்கம் புகார் பிடித்திருக்கும். பூஞ்சண மணமும் தொடங்கிவிட்டது.

கராஜ் ஒன்றில் காட்டினேன். முன் கண்ணாடி றபரைச் சுற்றிச் சிலிக்கன் பூசினால் நின்றுவிடும் என்றார்கள். பூசுவதற்கு முதல் அனுபவம் உள்ளவர்களைக் கேட்போம் என்று எழுதுகிறேன். இது அப்பா ஓடிய கார். 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய காருக்கு என்ன விலை போனது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் விற்கிற எண்ணமே இல்லை. துருப்பிடிக்க விடாமல் காப்பாற்ற வேண்டும். எங்கிருந்து தேடத் தொடங்குவது?

பழைய ஓஸ்ரின், உரும்பிராய்:

தம்பி, சிலிக்கனை இப்போதைக்குத் தொடவேண்டாம். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும், வினாகிரி மணம் வரும் சிலிக்கன் காயும்போது அசற்றிக் அமிலத்தை வெளிவிடும். பெயின்ற் போய்த் தகடு வெறுமையாக இருக்கும் இடத்தில் அதுவே துருவைக் கிளப்பிவிடும். அதன் மேல் பிறகு பெயின்றும் பிடிக்காது. இதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று உண்டு: தண்ணீர் நுழையும் இடம் வேறாக இருந்தால், வெளியே போகிற வழியைத்தான் நீங்கள் அடைத்திருப்பீர்கள்.

முதலில் அது என்ன தண்ணீர் என்று முடிவு செய்யுங்கள். மழைத்தண்ணீரா, ரேடியேற்றர் தண்ணீரா, ஏசித் தண்ணீரா? ஹீற்றர் உள்ள கார் என்றால் அதன் உள்ளே ஒரு சிறிய ரேடியேற்றர் இருக்கும். அது பொத்தாலும் அதே இடத்தில்தான் ஈரம் வரும். கூலன்ற் என்றால் விரலில் பிசுபிசுக்கும், இனிப்பு மணம் வரும், முன் கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் போலப் படியும். ஆனால் வெறும் கிணற்றுத் தண்ணீரை ரேடியேற்றருக்கு விடுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர். அவர்கள் நிறத்தையும் மணத்தையும் நம்ப முடியாது. ரேடியேற்றர் மட்டம் குறைகிறதா என்று பார்ப்பதுதான் வழி.

இன்னொன்று. கார் எங்கே நிற்கிறது? கொட்டிலுக்குள்ளா, மரத்தின் கீழா? மூக்கு எந்தப் பக்கம் தாழ்ந்து நிற்கிறது?

கொரோலா82:

ஐயா, ஏசி இல்லை. ஹீற்றர் குழாய்களை எப்போதோ துண்டித்து அடைத்துவிட்டார்கள். ரேடியேற்றர் மட்டமும் குறையவில்லை. ஆகவே மழைத்தண்ணீர்தான். கார் முற்றத்து வேம்பின் கீழ் நிற்கிறது. முன்பக்கம் கொஞ்சம் தாழ்வு.

பழைய ஓஸ்ரின்:

வேம்பு என்றால் எனக்குப் பாதிப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் அதைச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும். தகட்டு வேலை செய்யும் கோண்டாவில் தம்பி வருவார், பொறுங்கள்.

கோண்டாவில் ரிங்கர்:

வந்துவிட்டேன் ஐயா. கொரோலாத் தம்பி, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள். இந்த வேலையில் அவசரப்படுகிறவர்கள்தான் காசை இழக்கிறார்கள்.

ஈரம் தெரியும் இடம் தண்ணீர் தேங்கும் இடம். அது நுழையும் இடம் அதற்கு மேலே எங்கோ, சிலவேளை மூன்று நான்கு அடி தள்ளி இருக்கும். தகட்டின் மடிப்பு, வயர்க்கட்டு, கண்ணாடித் தூணின் உள்பக்கம் இவற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஓடும். ஆகவே கார்பெட் கிடக்கும் வரைக்கும் நீங்கள் எதையும் கண்டுபிடிக்கப் போவதில்லை. சீற்றைக் கழற்றுங்கள். கதவுப்படியில் உள்ள அலுமினியப் பட்டியைக் கழற்றுங்கள். கார்பெட்டையும் அதன் அடியில் உள்ள தும்பு விரிப்பையும் வெளியே எடுங்கள். அந்த விரிப்புத்தான் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கிறது. மேலே காய்ந்தாலும் அடியில் மாதக்கணக்கில் ஈரமாக இருக்கும், தரைத்தகடு அதிலிருந்துதான் அழுகும். வெயிலில் விரித்து முழுதாகக் காய வையுங்கள். மிகவும் கறுத்திருந்தால் எறிந்துவிட்டுப் புதிதாக வெட்டிப் போடுங்கள்.

தகட்டை வெயிலில் காயவிட்டு வடிவாகத் துடையுங்கள். அப்போதே கொஞ்சம் கண்ணால் தேடலாம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், காய்ந்தால் வெள்ளைக் கோடு விடும். கார் கழுவும்போது உள்ளே வந்த தண்ணீர் என்றால் அந்த வெள்ளைத் தடம் மேலிருந்து கீழே தெரியும். மழைத்தண்ணீர் பெரும்பாலும் மண்ணிறத் தடத்தையோ துருத் தடத்தையோ விடும். தடத்தைக் கண்டால் அதன் மேல் முனையைத் தேடுங்கள்.

பிறகு தண்ணீர் விட்டுப் பார்ப்பது. ஒருவர் வெளியே, ஒருவர் உள்ளே ரோச் லைற்றோடு. உள்ளே தரையில் பழைய பேப்பரை விரித்துவிட்டால் முதல் சொட்டு விழுந்த இடம் தெரியும். மோட்டரை முழு வேகத்தில் போட்டுப் பீச்சி அடிக்கக் கூடாது. அப்படி அடித்தால் நல்ல றபருக்குள்ளும் தண்ணீர் போகும், பிழையான இடத்தைக் குற்றம் சொல்வீர்கள். ஹோஸ் வாயிலிருந்து தானாக வழிகிற அளவு போதும். தொடங்குவது கீழே இருந்து. மேலே தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்தாலும் வழிந்து எது பொத்தல் என்று தெரியாமல் போய்விடும். ஆகவே கதவின் அடி, பிறகு கதவு றபர், பிறகு வைப்பருக்குக் கீழே உள்ள வலைத்தட்டு, பிறகு முன் கண்ணாடியின் கீழ் மூலைகள், பக்கங்கள், கடைசியாகக் கூரைப்பீலி. ஒவ்வோர் இடத்திலும் நின்று நிதானமாக விடுங்கள். சில கசிவுகள் ஐந்து நிமிடம் கழித்துத்தான் உள்ளே எட்டிப் பார்க்கும். காரின் மூக்கைத் தூக்கி நிறுத்தி ஒருமுறை, தாழ்த்தி ஒருமுறை செய்து பாருங்கள். இரண்டிலும் விடை மாறலாம்.

கதவு பற்றி ஒரு சொல். ஷட்டர் கண்ணாடியின் வெளிப்பக்க றபரைத் தாண்டித் தண்ணீர் கதவுக்குள் போவது பழுது அல்ல. எல்லாக் காரிலும் போகும். கதவின் அடியில் உள்ள துளைகளால் அது வெளியே போக வேண்டும். அந்தத் துளை மண்ணால் அடைபட்டால், அல்லது உள் அட்டைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பொலித்தீன் கிழிந்திருந்தால், தண்ணீர் அட்டையை ஊறவைத்துக் கார்பெட்டுக்கு வரும். சவுண்ட் பெட்டி பூட்டுகிறவர்கள் அந்தப் பொலித்தீனைக் கிழித்து எறிந்துவிடுவது வழக்கம். தடித்த பொலித்தீனை வெட்டி, இறுகாத பசை நாடாவால் ஒட்டி, அதன் கீழ் முனை கதவுக்கு உள்ளே போகும்படி விடுங்கள்.

நல்லூர் மொறிஸ்:

அண்ணை, இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என்னுடையது மொறிஸ் மைனர் 1000, கண்ணாடி நடுவில் பிரியாத மொடல். மழையில் ஓடும்போது டாஷ்போட்டுக்குக் கீழே இருந்து முழங்காலில் சொட்டுகிறது. நிற்கும்போது அவ்வளவு இல்லை. றபர் மாற்றி அதிகநாள் ஆகவில்லை. இதற்கும் கண்ணாடிதான் காரணமா?

பழைய ஓஸ்ரின்:

பிள்ளை, வைப்பரைப் போட்டபடி ஓடும்போதுதான் சொட்டுகிறது என்றால் வைப்பர் தண்டுகளைப் பாருங்கள். தண்டு தகட்டைத் துளைத்து வெளியே வரும் இடத்தில் நட்டுக்குக் கீழே ஒரு சிறிய றபர் இருக்கும். இத்தனை வருட வெயிலில் அது பிஸ்கற் மாதிரி உடைந்துவிடும். வைப்பர் கையைக் கழற்றி, நட்டைக் கழற்றி, அந்த றபரை மாற்றுங்கள். மாற்றுவதற்கு முதல் தண்டைச் சுற்றிக் கொஞ்சம் தண்ணீர் விட்டு, கீழே கையை வைத்துப் பார்த்தால் உறுதியாகும். மைனரின் றபர் சாமான்கள் இங்கிலாந்தில் இன்னும் புதிதாகச் செய்கிறார்கள், அந்த வகையில் நீங்கள் கொடுத்து வைத்தவர். கொழும்பில் பஞ்சிகாவத்தையில் தேடினாலும் கிடைக்க வாய்ப்பு உண்டு.

அதோடு வயர், வேகமானிக் கேபிள் எல்லாம் இயந்திரப் பக்கத்திலிருந்து உள்ளே வரும் துளைகளின் றபர் வளையங்களையும் பாருங்கள். ஓடும்போது முன் ரயர் வாரி அடிக்கும் தண்ணீர் அதனால் உள்ளே வரும். டிக்கிப் பலகைக்குக் கீழே மேலதிகச் சில்லு இருக்கும் தட்டையும் திறந்து பாருங்கள். மைனரில் யாரும் திறக்காத இடம் அதுதான், தண்ணீர் நின்றால் தெரியவே தெரியாது.

வடமராட்சி சன்னி, பருத்தித்துறை:

என் சன்னியிலும் இடப்பக்கம்தான் ஈரம், ஆனால் மழையே இல்லாத ஆவணியிலும் வந்தது. தெளிந்த தண்ணீர், மணம் எதுவும் இல்லை. ஏசி போட்டு யாழ்ப்பாணம் வரை ஓடினால் கார்பெட் நனைந்துவிடும்.

கோண்டாவில் ரிங்கர்:

அது ஏசித் தண்ணீர் அண்ணை. வலப்பக்க ஸ்ரேறிங் உள்ள பழைய கார்களில் ஏசியின் குளிர்ப்பெட்டி பெரும்பாலும் இடப்பக்க டாஷ்போட்டுக்குள் இருக்கும். அதில் படியும் தண்ணீர் ஒரு சிறிய குழாயால் காருக்கு வெளியே விழ வேண்டும். நம்முடைய வெக்கைக்கு ஏசி போட்டு நிறுத்தினால் காரின் அடியில் தண்ணீர் சொட்டியே ஆகவேண்டும். சொட்டவில்லை என்றால் அது உள்ளேதான் போகிறது. அடியில் படுத்து அந்தக் குழாய் முனையைத் தேடி, மெல்லிய வளையும் கம்பியால் தூசியையும் வழுவழுப்பான அழுக்கையும் எடுத்துவிடுங்கள். கம்பிரசர் காற்றைப் பலமாக அடிக்க வேண்டாம், உள்ளே இணைப்புக் கழன்றுவிடும். சிலிக்கனும் வேண்டாம், றபரும் வேண்டாம்.

ஸ்காபரோவிலிருந்து ஒருவன்:

தண்ணீர் விட்டும் பிடிபடாத கசிவுக்கு ஒரு வழி. எல்லாக் கண்ணாடியையும் ஏற்றி, காற்று வெளியிலிருந்து வரும்படி வைத்து, உள்ளே விசிறியை முழு வேகத்தில் போடுங்கள். காருக்குள் காற்று அமுக்கமாகும். வெளியே றபர் ஓரங்களில் சவர்க்காரத் தண்ணீரைத் தூரிகையால் பூசினால், ஓட்டை உள்ள இடத்தில் நுரைக் குமிழ் வரும். இங்கே கனடாவில் பனிக்காலத்தில் உப்புப் போட்ட வீதிகளில் ஓடி அழுகும் கார்களுக்கு இதைத்தான் செய்கிறோம். ஊரில் பண்ணைப் பாலத்தாலும் பருத்தித்துறைக் கரையாலும் ஓடும் கார்களுக்கும் உப்புக்காற்று இருக்கிறது, ஆகவே உள்ளே புகும் தண்ணீரை அலட்சியப்படுத்த வேண்டாம்.

கொரோலா82:

அண்ணை, தம்பியை உள்ளே இருத்தி நீங்கள் சொன்னபடியே செய்தேன். கதவுகளில் ஒன்றும் இல்லை. வைப்பருக்குக் கீழே உள்ள வலைத்தட்டில் தண்ணீர் விட்டபோது கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை, பிறகு இடப்பக்க மூலையால், தகடு தகட்டோடு சேரும் மடிப்பிலிருந்து நூல் போல வடிந்தது. வலைத்தட்டைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே வேப்பமிலையும் வேப்பம்பூவும் உக்கிக் கறுத்த மண்ணாக ஒரு கை அளவு கிடந்தது. தண்ணீர் வெளியே போகும் வழியே தெரியவில்லை.

பழைய ஓஸ்ரின்:

வேம்பு என்றேன் அல்லவா. அந்தப் பெட்டிக்குள் மழை விழுவது இயல்பு. உள்ளே காற்று வரும் வழி அது. விழுந்த தண்ணீர் இரண்டு பக்க மூலைகளாலும் முன் மட்காட்டுக்குள் இறங்கி நிலத்தில் விழ வேண்டும். வேப்பமிலை மெல்லியது, வலைத்தட்டின் இடுக்கால் போய்விடும். வழி அடைபட்டால் பெட்டி தொட்டியாகிவிடும். மட்டம் ஏறி, காற்று வாயாலோ விட்டுப்போன மடிப்பாலோ உள்ளே வரும். கையாலும் வளையும் கம்பியாலும் முழுவதையும் வாருங்கள், பிறகு தண்ணீர் விட்டு இரண்டு பக்கச் சில்லுக்குப் பின்னாலும் கொட்டுகிறதா என்று பாருங்கள். உக்கிய இலை நாட்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைக்கும், கொரோலாவில் அந்த மூலைத் தகடு அழுகுவது இதனால்தான்.

மட்காட்டைக் கழற்ற முடிந்தால் கழற்றி, அதன் பின்பக்கத்தில் கதவுத் தூணோடு சேரும் இடத்து மண்ணையும் எடுங்கள். பின்னேரம் ஒன்று செலவழிந்தாலும் காருக்குப் பல வருட ஆயுள்.

கொரோலா82:

எடுத்துவிட்டேன் ஐயா. இப்போது இரண்டு பக்கமும் கொட்டுகிறது. உள்ளே வடிவது பெரும்பகுதி நின்றுவிட்டது. ஆனால் முன் கண்ணாடியின் இடப்பக்கக் கீழ் மூலையில் விட்டால் இன்னும் சொட்டுகிறது. றபர் கல்லுப்போல இறுகி இருக்கிறது.

நல்லூர் மொறிஸ்:

என்னுடையது வைப்பர் றபர்தான் ஐயா. இடப்பக்கத்து றபர் கையில் எடுக்கப் பொடியாகிவிட்டது. இப்போது சைக்கிள் ரியூப்பில் வெட்டி வைத்திருக்கிறேன், சொட்டவில்லை. புதியது வரும் வரைக்கும் இது தாங்குமா?

பழைய ஓஸ்ரின்:

தாங்கும் பிள்ளை, ஆனால் வெயிலுக்குக் கெதியில் வெடிக்கும். மாரி முடிய ஒருமுறை பாருங்கள். யுத்தத்தில் பெற்றோல் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியபோது என் ஓஸ்ரினின் றபர் எல்லாம் ரியூப்தான். கார்பரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் எடுத்து மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற காலத்தில் றபர் வருமா? அந்தக் கார்கள் இன்றைக்கும் ஓடுவது அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்ததால்தான்.

கோண்டாவில் ரிங்கர்:

கொரோலாத் தம்பி, மூலை றபரின் உதட்டை மரச்சீவலால் மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். பழுப்புத் தண்ணீரோ துருத்தூளோ வந்தால் கண்ணாடியைக் கழற்றித்தான் ஆகவேண்டும். மேலால் எதைப் பூசினாலும் உள்ளே அழுகல் நிற்காது.

கழற்றும்போது பழைய றபரைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். வெளி உதட்டைப் பிளேட்டால் சுற்றி அரிந்துவிட்டுக் கண்ணாடியைத் தூக்கி எடுங்கள். உள்ளே இருந்து காலால் உதைத்துத் தள்ளினால் வெடித்துவிடும். றபர் வாங்கலாம், கே.ஈ.70 கண்ணாடி இலேசில் கிடைக்காது.

கண்ணாடி இருக்கும் தகட்டு விளிம்பைக் கம்பித் தூரிகையால் தேய்த்து நல்ல தகடு தெரியும் வரை போங்கள். துளை இருந்தால் புதுத்தகடு வெட்டி வெல்டிங் பிடிக்க வேண்டும். பட்டி என்கிற நிரப்புப் பசையை வைத்து நிரப்பக் கூடாது. பட்டி ஈரத்தை உறிஞ்சும், அடியில் துரு தூக்கித் திரும்பவும் கழன்றுவிடும். பிறகு துருமாற்றி, எபொக்சிப் பிரைமர், மடிப்புகளுக்குச் சீலர், பெயின்ற். அது முழுதாகக் காய்ந்த பிறகே றபர். பெயின்ற் பச்சையாக இருக்கும்போது றபரைப் போட்டு அமுக்கினால் அது உரிந்துவிடும், செய்த வேலை வீண்.

பூட்டும்போது றபரைக் கண்ணாடியில் மாட்டி, றபரில் தகடு உட்காரும் பள்ளத்துக்குள் சுற்றிவர ஒரு பலமான நூலை விடுங்கள். நூல் முனைகள் இரண்டும் கீழ் நடுவில் காருக்கு உள்ளே தொங்க வேண்டும். சவர்க்காரத் தண்ணீர் தடவி, ஒருவர் வெளியே உள்ளங்கையால் அமத்த, மற்றவர் உள்ளே நூலை இழுத்துக்கொண்டே போனால் உதடு தகட்டுக்கு மேல் ஏறி உட்காரும். கடைசியில் றபருக்கும் கண்ணாடிக்கும் இடையிலும், றபருக்கும் தகட்டுக்கும் இடையிலும் இறுகாத வகைக் கண்ணாடிச் சீலரை மெல்லிய வாயால் விடுங்கள்.

வடமராட்சி சன்னி:

ஏசிக் குழாய் திறந்தது, இப்போது வாசலில் நிறுத்தினால் அடியில் தண்ணீர் நிற்கிறது. நன்றி தம்பி. ஒரு கேள்வி: இங்கே சிலர் தரையில் உள்ள றபர் மூடிகளைக் கழற்றிவிட்டால் தண்ணீர் தானாகப் போய்விடும் என்கிறார்கள். சரியா?

ஸ்காபரோவிலிருந்து ஒருவன்:

நான் கழற்றி விட்டிருக்கிறேன். தேங்கி நின்று அழுகுவதைவிட அது நல்லது.

கோண்டாவில் ரிங்கர்:

கனடாவுக்குச் சரியாக இருக்கலாம் அண்ணை, இங்கே எனக்கு உடன்பாடு இல்லை. காய வைக்கும்போது கழற்றுங்கள், பிறகு திரும்பப் பூட்டுங்கள். மாரியில் எங்கள் ஒழுங்கைகளில் தண்ணீர் நிற்கும். 2008இல் நிஷாப் புயல் வெள்ளத்துக்குப் பிறகு வந்த கார்களைப் பார்த்தவன் நான், கீழே இருந்து ஏறிய சேற்றுத் தண்ணீர் மேலிருந்து வருவதைவிட மோசம். புதிதாகத் துளை போடவே வேண்டாம். மொறிஸ் மைனருக்கும் கொரோலாவுக்கும் தனிச் செசி இல்லை, அந்தத் தரைத்தகடும் கதவுப்படிப் பெட்டியும்தான் காரைத் தாங்குகின்றன.

கூரைத் துணி நனைகிற கார்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் கார்கள் சிலவற்றில் யுத்தகாலத்தில் எறிகணைச் செல் துண்டு பட்ட துளைகளை அந்த நேரத்தில் பட்டியால் நிரப்பிப் பெயின்ற் அடித்து விட்டார்கள். வெளியே ஒரு சிறிய வீக்கம் மட்டும் தெரியும். கூரை றபரையும் பீலியையும் மாற்றிக் களைத்தவர்கள், காந்தத்தைத் துணியில் சுற்றிக் கூரை மேல் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். பிடிக்காத இடத்தில் பட்டி தடிப்பாக இருக்கிறது.

கொரோலா82:

கண்ணாடியைக் கழற்றினோம். இடப்பக்க மூலையில் பெருவிரல் அகலத்துக்குத் தகடு போய்விட்டது, வலப்பக்கம் மேல்துரு மட்டும். தகடு வெட்டி வெல்டிங் பிடித்தாகிவிட்டது, பிரைமர் அடித்திருக்கிறது. றபர் பஞ்சிகாவத்தையில் சொல்லி வைத்திருக்கிறேன். சிலிக்கன் பூசியிருந்தால் இந்தத் துளையை அடுத்த மாரியில் உள்ளங்கை அளவில் பார்த்திருப்பேன் என்று வெல்டிங் செய்தவர் சொன்னார். எல்லோருக்கும் நன்றி. விரிப்பையும் கார்பெட்டையும் றபர் போட்ட உடனே திரும்பப் போடலாமா?

கோண்டாவில் ரிங்கர்:

போட வேண்டாம் தம்பி. சீற்றை மட்டும் பூட்டி வெறும் தகட்டோடு ஓடுங்கள், பெருமழை இரண்டு மூன்று பார்க்கட்டும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் கையால் தடவிப் பாருங்கள், குறிப்பாகப் பின் சீற்றின் கீழும் டிக்கியின் இரண்டு மூலைகளிலும். பின் விளக்குகளின் றபரும் அதே வயதுதான். ஈரம் இல்லை என்றால் தரைக்கு ஒரு பூச்சுப் பெயின்ற் அடித்து, தும்பு விரிப்புக்குப் பதிலாகத் தண்ணீர் குடிக்காத நுரை விரிப்பைப் போடுங்கள். காரை வேம்பின் கீழ் இருந்து தள்ளி நிறுத்த முடியாவிட்டால், வலைத்தட்டின் உள்பக்கம் நுளம்புவலைக் கம்பியை வெட்டி வைத்து, மாதம் ஒருமுறை இலையைத் தட்டிவிடுங்கள்.